வெங்காயத்துக்கு வாடகை வீடு: டோர் ரிலேக்கு ஹோஸ்டிங் தேடும் கதை

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எத்தனை ரூம், தண்ணீர் எப்படி, பைக் நிறுத்த இடம் உண்டா என்று நாம் கேட்பதெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தோடு சரி. அப்புறம் வீட்டுக்காரர் கேட்க ஆரம்பிப்பார். எத்தனை பேர், எங்கே வேலை, அசைவம் சமைப்பீர்களா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள். வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் வீட்டுக்காரரின் குணம் ஒத்துவரவில்லை என்றால் ஆறே மாதத்தில் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டோர் நெட்வொர்க்குக்கு ஒரு சர்வர் நடத்திப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவருக்கும் இதே கதைதான். சர்வர் கிடைப்பதில் சிரமமே இல்லை. சர்வரை வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் மாதம் ஐந்து டாலருக்கு உலகம் முழுக்கக் கடை விரித்து வைத்திருக்கின்றன. அந்த சர்வரைப் பற்றி யாரோ ஒருவர் புகார் அனுப்பும்போது, சட்டென்று வயரைப் பிடுங்காமல், "என்ன விஷயம்?" என்று நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கிற நிறுவனம் கிடைப்பதில்தான் சிரமம்.

டோர் என்றால் என்ன என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சாதாரணமாக நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தால், அந்தத் தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் கதவு எண், தெரியும். உங்களுக்கு இணைப்பு தரும் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியும். டோர் இந்த இரண்டு தகவலும் ஒரே இடத்தில் சேராமல் பார்த்துக்கொள்கிறது. உங்கள் டேட்டா மூன்று சர்வர்கள் வழியே போகும். முதலில் இருப்பது கார்ட். நீங்கள் யார் என்று அதற்குத் தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசியில் இருப்பது எக்ஸிட். எந்தத் தளத்துக்குப் போகிறது என்று அதற்குத் தெரியும், அனுப்பியது யார் என்று தெரியாது. நடுவில் இருக்கும் மிடிலுக்கு இரண்டுமே தெரியாது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறை போட்ட கடிதம் மாதிரி, ஒவ்வொருவரும் தன் உறையை மட்டும் பிரித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்கிறார். தோல் தோலாக உரிவதால்தான் வெங்காயம் அதன் சின்னமானது. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த யோசனை இது. 2002இல் டோர் ஓடத் தொடங்கியது. 2006 முதல் டோர் ப்ராஜெக்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு மென்பொருளைக் கவனித்து வருகிறது.

மென்பொருளைத்தான் கவனிக்கிறது, சர்வர்களை அல்ல. ரிலே என்று அழைக்கப்படும் அந்த சர்வர்கள் பல ஆயிரம் இருக்கின்றன. அவற்றைத் தன்னார்வலர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு நடத்துகிறார்கள். காசில்லாமல் வந்த ஏற்பாடு இல்லை இது, வேண்டுமென்றே செய்தது. எல்லா சர்வரும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கைக்கு மூன்று உறையையும் பிரித்துப் பார்க்க முடியும். அப்புறம் மூன்று சர்வர் வைத்து என்ன பயன்?

சரி, நீங்களும் ஒன்று நடத்தலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஹோஸ்டிங் தேடுவதற்கு முன்னால், எந்த வகை ரிலே என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு எவ்வளவு தலைவலி என்பது அதைப் பொறுத்துத்தான்.

மிகவும் சாது பிரிட்ஜ். டோர் தடை செய்யப்பட்ட நாடுகளில் இருப்பவர்கள் உள்ளே நுழையும் பின்வாசல் அது. அதன் முகவரி பொதுப் பட்டியலில் வராது, புகாரும் பெரும்பாலும் வராது. நொடிக்கு 1 மெகாபிட் வேகம் இருந்தாலே போதும். அடுத்தது மிடிலும் கார்டும். அமைக்கும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான், எதை எதற்குப் பயன்படுத்துவது என்று நெட்வொர்க்கே முடிவு செய்துகொள்ளும். இவற்றிலிருந்து டேட்டா வேறொரு ரிலேக்குத்தான் போகும், வெளியுலகத் தளங்களுக்குப் போகாது. அதனால் தொல்லை குறைவு. ஆனால் முகவரி பொதுப் பட்டியலில் இருக்கும். சில தளங்கள் எது எக்ஸிட், எது மிடில் என்று பார்க்காமல் பட்டியலில் உள்ள எல்லா முகவரியையும் தடை செய்துவிடுகின்றன. வீட்டு இணைப்பில் ரிலே ஓட்டிவிட்டு, அதே இணைப்பில் நெட்பேங்கிங் திறக்கவில்லையே என்று தலையைச் சொறிந்தவர்கள் உண்டு. உங்கள் சொந்த வலைத்தளமோ மெயில் சர்வரோ இருக்கும் ஐபியிலும் இதே காரணத்துக்காக ரிலேயை வைக்காதீர்கள்.

எக்ஸிட் வேறு ஜாதி. வெங்காயத்தின் கடைசித் தோலை உரித்து வெளியே விடுவது அதுதான். யாரோ ஒருவர் டோர் வழியாகப் போய் ஒரு தளத்தில் வம்பு செய்தால், அந்தத் தளத்தின் பதிவேட்டில் விழுவது எக்ஸிட்டின் ஐபி. 2017 ஏப்ரலில் மாஸ்கோவில் ஒரு கணித ஆசிரியர் கைதானார். கலவரத்துக்கு அழைப்பு விடுக்கும் இணையப் பதிவுகள் அவர் வீட்டு ஐபியிலிருந்து போயிருந்தன என்பது குற்றச்சாட்டு. அவர் வீட்டில் எக்ஸிட் ரிலே நடத்தியவர். சிறையிலும் வீட்டுக் காவலிலும் மாதங்கள் போன பிறகு, அடுத்த வருடம் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. எக்ஸிட்டை வீட்டில் வைக்காதீர்கள் என்று இணைய உரிமைகளுக்காக வாதாடும் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் வெகு காலமாகச் சொல்லி வருவதும் இதற்காகத்தான். எக்ஸிட் நடத்துவது அந்த நாட்டில் குற்றம் என்று அவர்கள் சொல்லவில்லை. போலீஸ் கதவைத் தட்டினால், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்பதுதான் அவர்களுடைய கவலை.

இனி கணக்கு. ரிலேக்கு பெரிய மெஷின் தேவையில்லை. வேகம் நொடிக்கு 40 மெகாபிட்டுக்குள் இருக்கும் சாதாரண ரிலேக்கு 512 எம்பி ரேம் போதும். அதற்கு மேல் போனால் 1 ஜிபி, எக்ஸிட்டுக்கு 1.5 ஜிபி. டிஸ்க் 200 எம்பி கூடத் தேவைப்படாது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். காசு தின்பது டிராஃபிக்.

நொடிக்கு 10 மெகாபிட் என்றால் காதுக்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் மாதம் முழுக்க நிற்காமல் ஓடினால் அது சுமார் 3,240 ஜிபி. ரிலே தனக்கென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை. உள்ளே வந்த அளவு வெளியே போகும். ஆக இரு பக்கமும் சேர்த்து ஆறரை டிபி. ஹோஸ்டிங் நிறுவனம் வெளியே போவதை மட்டும் எண்ணுகிறதா, இரண்டையும் எண்ணுகிறதா என்று முதலில் பாருங்கள். டோர் கேட்கும் குறைந்தபட்சம் மாதத்துக்கு ஒவ்வொரு திசையிலும் 100 ஜிபி. 2 டிபிக்கு மேல் தர முடிந்தால் சந்தோஷப்படுவார்கள்.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் இங்கேதான் அடிபடுகின்றன. அமேசானின் அமெரிக்க டேட்டா சென்டர்களில் வெளியே போகும் ஒரு ஜிபிக்கு சுமார் 9 சென்ட். மேலே சொன்ன 3,240 ஜிபியில் முதல் 100 ஜிபி இலவசம் போக மீதியைக் கணக்கிட்டால் மாதம் 280 டாலரைத் தாண்டும். அதே வேலையை, பெரிய மெஷினில் ஒரு பங்கை மட்டும் வாடகைக்குத் தரும் சின்ன விபிஎஸ் நிறுவனங்கள் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக் காசுக்குச் செய்து தருகின்றன. "எனக்கு ஏற்கெனவே அங்கே அக்கவுண்ட் இருக்கே" என்று ரிலேயைத் தொடங்கி, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

விளம்பரத்தில் "அன்லிமிடெட் டிராஃபிக்" என்று இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அது அன்லிமிடெட் மீல்ஸ் மாதிரி. போர்டில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள், நான்காவது தடவை சாதம் கேட்டால் பரிமாறுபவரின் முகம் மாறும். சராசரியாக நொடிக்கு எத்தனை மெகாபிட் வரை தொடர்ந்து ஓட்டலாம் என்று எண்ணாகவே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அளவு தெரிந்துவிட்டால் டோரின் அமைப்புக் கோப்பிலேயே வேகத்துக்கும் மாத மொத்தத்துக்கும் உச்சவரம்பு போட்டுவிடலாம்.

விலையும் டிராஃபிக்கும் ஒத்துவருகிற ஐரோப்பிய நிறுவனங்களைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஹெட்ஸ்னரும் ஓவிஹெச்சும். மலிவு, வேகம், மிடில் ரிலேக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். அதனால்தான் ஒரு பிரச்சினை. எல்லோரும் அங்கேயே போய்க் குவிந்துவிட்டார்கள். டோரின் வழிகாட்டிக் குறிப்புகளே இந்த இரண்டையும், ஆன்லைன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தையும், டிஜிட்டல் ஓஷனையும் பெயர் சொல்லி, முடிந்தால் தவிர்க்கச் சொல்கின்றன. கெட்டவர்கள் என்பதால் அல்ல, கூட்டம் அதிகம் என்பதால். ஒரே தெருவில் இருக்கும் மூன்று வீடுகள் வழியாகக் கடிதத்தைச் சுற்றவிட்டால், அந்தத் தெரு முனையில் நிற்கும் ஒருவரால் எல்லாவற்றையும் பார்க்க முடியுமே. ஐபி முகவரியின் முதல் இரண்டு எண்கள் ஒன்றாக இருக்கும் இரண்டு ரிலேக்களை டோர் ஒரே பாதையில் சேர்க்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பெரிய நிறுவனத்திடம் அப்படிப்பட்ட ஐபி தொகுதிகள் பல இருக்கும். அதனால் நான் புதியவர்களிடம் சொல்வது: ஒரு யூரோ கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, யாரும் போகாத நாட்டில், யாரும் போகாத நிறுவனத்தைத் தேடுங்கள். எந்த நிறுவனம் ரிலேயை அனுமதிக்கிறது, எது அனுமதிக்காது என்று நடத்துகிறவர்கள் எழுதிச் சேர்த்த பட்டியல் ஒன்று டோர் தளத்தில் இருக்கிறது. அதன் பெயரே "நல்ல ஐஎஸ்பி, கெட்ட ஐஎஸ்பி" (ஐஎஸ்பி என்றால் இணையச் சேவை நிறுவனம்). தொடங்க நல்ல இடம், ஆனால் ஒவ்வொரு பதிவின் தேதியையும் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் நல்லவராக இருந்த வீட்டுக்காரர் இப்போது வீட்டையே விற்றிருக்கலாம்.

நிறுவனத்தைக் கண்டுபிடித்ததும் காசு கட்டுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு மெயில் போடுங்கள். எக்ஸிட் என்றால் இது கட்டாயம். மிடிலுக்கு அவசியமில்லை என்று பலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அசைவம் சமைப்போம் என்று முன்பே சொல்லிவிட்டால் மீன் குழம்பு வாசனைக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். மெயில் நீளமாக வேண்டாம். நான் எழுதுவது இந்த அளவுதான்: "உங்களிடம் ஒரு விபிஎஸ் எடுத்து அதில் டோர் மிடில் ரிலே நடத்த விரும்புகிறேன். எக்ஸிட் இல்லை, அதனால் வெளித்தளங்களுக்கு எதுவும் போகாது. சராசரியாக நொடிக்கு 20 மெகாபிட் ஓடும். உங்கள் விதிகளில் இதற்கு இடம் இருக்கிறதா? புகார் வந்தால் எனக்கு அனுப்பிப் பதிலுக்கு எவ்வளவு நேரம் தருவீர்கள்?" முக்கியமான கேள்வி கடைசியில் இருப்பது. முதல் கேள்விக்கு "தாராளமாக" என்று சொல்லும் சிலர், கடைசிக் கேள்விக்கு "புகார் வந்தால் தானாகவே நின்றுவிடும்" என்பார்கள். அங்கே போக வேண்டாம்.

அந்தக் கேள்வியை நான் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 அக்டோபர் கடைசியில் ஒரு நாள் காலை எழுந்து மெயிலைத் திறந்தால் ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து ஒரு அப்யூஸ் மெயில், அதாவது புகார் மெயில். உங்கள் ஐபியிலிருந்து இன்னாருடைய சர்வரின் 22ஆம் போர்ட்டை, அதாவது தூரத்திலிருந்து உள்ளே நுழையும் வாசலை, தட்டியிருக்கிறார்கள், 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் சர்வர் நிறுத்தப்படும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னுடையது சாதாரண மிடில் ரிலே, அது எதற்கு அடுத்தவன் போர்ட்டைத் தட்டப்போகிறது? ஹேக் ஆகிவிட்டதோ என்று அரை நாள் தோண்டிப் பார்த்தேன். சர்வரிலிருந்து அப்படி ஒரு பாக்கெட் (டேட்டா துண்டு) கூடப் போகவில்லை.

பிறகுதான் தெரிந்தது, உலகம் முழுக்க ரிலே நடத்துகிறவர்களுக்கு அதே மெயில் போயிருந்தது. யாரோ ஒருவர் போலி பாக்கெட்டுகளை உருவாக்கி, அனுப்புநர் இடத்தில் டோர் ரிலேக்களின் ஐபிகளைப் போட்டு, ஊரெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தார். ஒருவரைத் திட்டிக் கடிதம் எழுதி, உறையின் ஓரத்தில் உங்கள் முகவரியைப் போட்டுத் தபாலில் சேர்த்த மாதிரி. அவை போய்ச் சேர்ந்த சர்வர்கள் தானியங்கி முறையில் புகார் அனுப்பின. புகார் வாங்கிய நிறுவனங்களில் சில, படித்துக்கூடப் பார்க்காமல் ரிலேக்களை நிறுத்தின. டோரைத் தாக்க டோரைத் தொட வேண்டியதே இல்லை, வீட்டுக்காரரைக் கிளப்பிவிட்டால் போதும் என்று கண்டுபிடித்த அந்த மூளையை என்ன சொல்வது! அந்தப் போலிப் பாக்கெட்டுகள் எங்கிருந்து கிளம்பின என்று கண்டுபிடித்து நவம்பர் 7ஆம் தேதி அடைத்தார்கள். நான் விளக்கி எழுதிய இரண்டாவது மெயிலுக்குப் பிறகு "சரி, மூடிவிட்டோம்" என்று ஒற்றை வரி பதில் வந்தது. என்னுடைய ரிலே தப்பித்தது, பதில் எழுத 24 மணி நேரம் கிடைத்ததால்.

எக்ஸிட் நடத்துகிறவர்களுக்கு இது அன்றாடம். அவர்கள் அதற்கென்று சில பழக்கங்களை வைத்திருக்கிறார்கள். ஐபியைத் தேடினால் தெரியும் பெயரை, அதாவது ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரை, வைக்கும்போது அதிலேயே "டோர் எக்ஸிட்" என்று வருமாறு வைப்பார்கள். பதிவேட்டில் பார்க்கிற நிர்வாகிக்கு உடனே விஷயம் புரியும். அந்த ஐபியை பிரவுசரில் திறந்தால், இது என்ன, யார் நடத்துகிறார்கள், ஏன் இங்கே பயனாளர் பதிவு எதுவும் இருக்காது என்று விளக்கும் ஒரு பக்கம் வரும். ஸ்பேம் மெயில் போகும் 25ஆம் போர்ட்டை டோரே மூடித்தான் வைத்திருக்கிறது. அது போக, டொரன்ட் காப்புரிமைப் புகார்களைக் குறைக்க, தேவையான போர்ட்டுகளை மட்டும் திறக்கும் சுருக்கப்பட்ட எக்ஸிட் விதி ஒன்றும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, அந்த ஐபி யாருடையது என்று காட்டும் ஹூயிஸ் பதிவில் புகார் முகவரியாக உங்கள் மெயிலைப் போட்டுத்தரும் நிறுவனம். புகார் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போகாமல் நேராக உங்கள் வாசலுக்கு வந்துவிடும், அவருக்கும் தூக்கம் கெடாது. இதைச் செய்து தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மாதம் ஐந்து டாலர் வாடிக்கையாளருக்கு அவ்வளவு எளிதாகச் செய்ய மாட்டார்கள்.

அதனால்தான் எக்ஸிட்டுகளை நடத்தச் சங்கம் வைக்கிறார்கள். ஜெர்மனியில் ட்ஸ்வீபெல்ஃப்ராய்ண்டே, பிரான்ஸில் நோஸ் ஓன்யோன், அமெரிக்காவின் சியாட்டிலில் எமரால்ட் ஆனியன். வெங்காய நண்பர்கள், நம்ம வெங்காயங்கள், மரகத வெங்காயம்! பெயரில் மட்டும் இவர்களிடம் புதுமை எதிர்பார்க்காதீர்கள். எமரால்ட் ஆனியன் ஒரு படி மேலே போய், தனக்கென்று ஐபி தொகுதிகளை வாங்கித் தானே ஒரு நெட்வொர்க்காகப் பதிவு செய்துகொண்டது. வாடகையே வேண்டாம், சொந்த வீடு. எக்ஸிட் மேல் ஆசை இருந்து அனுபவம் இல்லையென்றால், இப்படி ஒரு சங்கத்துக்கு அந்த ஐந்து டாலரைக் கொடுப்பது நல்ல யோசனை என்பது என் கட்சி.

வீட்டுக்காரர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு நூலகம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் லெபனான் என்ற சிற்றூரின் கில்டன் பொது நூலகம், 2015இல் தன் இணைப்பில் ஒரு டோர் ரிலே வைத்தது. வெறும் மிடில் ரிலே. செய்தி வெளியானதும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி ஒருவர் உள்ளூர்ப் போலீஸுக்குத் தகவல் அனுப்பினார். போலீஸ் வந்து பேசியது. நூலகம் ரிலேயை அணைத்தது. செப்டம்பர் 15 அன்று நூலக வாரியம் கூடியபோது ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து, ரிலே வேண்டும் என்று பேசினார்கள். வாரியம் மறுபடி போடச் சொன்னது. போலீஸ் வந்து போன பிறகும் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டு முடிவெடுக்கிற வீட்டுக்காரர் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நம் ஊரில் இருந்துகொண்டு நடத்த நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். இந்தியாவின் வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகளில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனி ஐபிவி4 முகவரி கிடைப்பதில்லை. ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருகிறார்கள். ரிலேக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும், அதனால் வீட்டில் கதை நடக்காது. இந்திய டேட்டா சென்டரில் எடுக்கலாம் என்றால், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி விபிஎஸ், விபிஎன், டேட்டா சென்டர் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் விபிஎன், நோர்ட் விபிஎன் போன்றவை இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டுப் போனது அதனால்தான். நான் வெளிநாட்டில்தான் எடுத்தேன்.

வாடகையே கொடுக்க வேண்டாம், ஆனால் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ஸ்னோஃப்ளேக் என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரவுசர் திறந்திருக்கும் நேரம் மட்டும் உங்கள் இணைப்பு ஒரு தற்காலிகப் பின்வாசலாக இருக்கும். தனி ஐபி வேண்டாம். வெளித்தளத்துக்குப் போகும் டேட்டா உங்கள் முகவரியிலிருந்து போகாது. 2022 செப்டம்பரில் ஈரானில் போராட்டம் வெடித்து இணையத்தை முடக்கியபோது ஏராளமான பேர் டோருக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

சரி, சர்வர் எடுத்து ரிலேயை ஓட விட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். தொடர்பு விவரத்தில் நீங்கள் தினமும் பார்க்கிற மெயில் முகவரியைப் போடுங்கள். ஒன்றுக்கு மேல் நடத்தினால் எல்லாம் ஒரே குடும்பம் என்று அறிவித்துவிடுங்கள். அப்போதுதான் உங்கள் இரண்டு ரிலேக்கள் ஒரே பாதையில் வராது. முதல் மூன்று நாள் கிட்டத்தட்ட ஈ ஓட்ட வேண்டியிருக்கும், வேகத்தை இன்னும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அளந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எட்டு நாள் போல் நிலையாக ஓடினால் கார்ட் முத்திரை கிடைக்கும், கிடைத்ததும் டிராஃபிக் படாரென்று விழும். மிடிலாகப் பயன்படுத்தியவர்கள் விலகிவிடுவார்கள், கார்டாகப் பயன்படுத்தப் போகிறவர்கள் தங்கள் பழைய கார்டை விட்டு வர வாரக்கணக்கில் ஆகும். முழுக் கூட்டம் சேர இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கலாம். அந்தச் சரிவைப் பார்த்து, ஏதோ கெட்டுப்போச்சு என்று நானும் இரண்டு தடவை சர்வரை அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறேன். சாவிக் கோப்பு போனால் ரிலேயின் அடையாளமும் போய்விடும், மறுபடி முதல் நாளிலிருந்து ஈ ஓட்ட வேண்டும்.